ஷெவெல் 396-க்கு என்ன கிளட்ச் போடுவது?

2023 மார்ச் 4

கொலம்பஸிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே ஒட்டுகிறேன் (ஷெவெல் என்பது ஷெவர்லேயின் பழைய கார், 396 அதன் எஞ்சினின் கன அங்குலம், மன்ஸி என்பது அதன் கியர்பாக்ஸ் வகை):

"அண்ணா, 1969 ஷெவெல் எஸ்எஸ் 396, 325 குதிரை, நாலு கியர் மன்ஸி பாக்ஸ். மூன்றாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறுவதில்லை. கிளட்ச் போய்விட்டது, அது தெரிகிறது. கடையில் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று அடுக்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற வண்டி இது. எதை வாங்க?"

ஸ்டேஜ் கணக்கைத் தூக்கிப் போடு. அதற்குப் பொதுவான தரநிர்ணயம் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 2 இன்னொரு கம்பெனியின் 1 ஆக இருக்கும். நீ வாங்க வேண்டியது: 11 அங்குல பிளேட், நடு ஓட்டையில் 10 பல் ஸ்பிளைன் (கியர்பாக்ஸ் ஷாஃப்டில் கோக்கிற பல்), டயாஃப்ரம் (வட்ட ஸ்பிரிங் தகடு) பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை எஞ்சின் பக்கத்துக் கனச் சக்கரமான ஃபிளைவீலோடு அழுத்துவது), ஆர்கானிக் லைனிங் (சாதாரண உராய்வுப் பட்டை), ஸ்பிரிங் வைத்த ஹப் (பிளேட்டின் நடுப்பகுதி). செராமிக் துண்டு ஒட்டிய பிளேட்டைத் தொடாதே, சிக்னலில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வண்டி கழுதை மாதிரி உதைக்கும். அவ்வளவுதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

என்னுடையதும் 69 தான், அதே எஞ்சின், டெட்ராய்ட் பக்கம். அக்டோபரிலிருந்து என் கிளட்சும் வழுக்குகிறது. பனி விட்டதும் நானும் இறக்குகிறேன்.

2023 மார்ச் 5

"யோசிக்க ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. 11 அங்குலம் எதற்கு? எல்லாரும் சொல்வதால் நானும் சொன்னேன். எழுந்து கணக்குப் போட்டேன்.

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது நாலு எண்களின் பெருக்கல்: உராய்வுக் குணகம், பிரஷர் பிளேட் அழுத்துகிற விசை, லைனிங்கின் சராசரி ஆரம், அப்புறம் பிளேட்டுக்கு இரண்டு முகம் என்பதால் ஒரு 2. என்னிடம் இருக்கிற பழைய 11 அங்குல பிளேட்டின் உள் விட்டம் ஆறரை அங்குலம், ஆக சராசரி ஆரம் 4.375. அழுத்தம் 2,400 பவுண்ட், குணகம் 0.27 என்று வைத்துக்கொண்டால் 472 அடி-பவுண்ட் வருகிறது. இந்த எஞ்சினுக்கு ஷெவர்லே அன்று கொடுத்த எண் 410. அதுவும் அந்தக் காலத்து கிராஸ் கணக்கு (எஞ்சினைத் தனியாக வைத்து அளந்தது), வண்டியில் பூட்டிய பிறகு அவ்வளவு வராது. சாதாரண கிளட்சே போதும் என்று நேற்று சொன்னதில் தப்பில்லை.

அதே கணக்கை 10.4 அங்குல பிளேட்டுக்குப் போட்டால் 456. வித்தியாசம் வெறும் 16! விட்டத்தில் அரை அங்குலத்துக்கு மேல் கூட்டியும் மூன்றரை சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் லைனிங்கின் பரப்பைப் பார்: சின்னதில் ஒரு முகத்துக்குச் சுமார் 52 சதுர அங்குலம், பெரியதில் 62. ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல். சூடு பரவ அவ்வளவு இடம், தேய அவ்வளவு சரக்கு. பெரிய பிளேட் வண்டியைப் பெரிதாக வலுவாக்கிவிடாது, ரொம்ப நாள் உழைக்கும். வலு வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், அந்தக் கூடுதலை மிதிப்பது உன் இடது கால்.

எதற்கும் பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கிற கூடு) மேல் வார்த்திருக்கிற எண்ணைப் பார்த்துவிடு. கடைசி மூன்று இலக்கம் 621 என்றால் 14 அங்குல, 168 பல் ஃபிளைவீல் உள்ளே போகும், 11 அங்குல கிளட்ச் உட்காரும். 403 என்றால் பன்னிரண்டே முக்கால் அங்குல, 153 பல் ஃபிளைவீல்தான். மாற்றினால் ஸ்டார்ட்டரும் மாறும்: பெரிய வீலுக்கு ஸ்டார்ட்டர் போல்ட் இரண்டும் கோணலாக இருக்கும், சின்னதுக்கு நேராக.

2023 மார்ச் 11

தம்பி கியர்பாக்ஸை இறக்கிவிட்டான். ஃபோட்டோ அனுப்பியிருக்கிறான். இன்புட் ஷாஃப்டில் எண்ணிப் பார்த்தேன், 26 பல்.

ஆக, நான் சொன்ன 10 பல் தப்பு. 1969-க்கு அது சரி, ஆனால் அவன் வண்டியில் இருப்பது 69-இன் பாக்ஸ் இல்லை. 71-க்குப் பிறகு வந்த மன்ஸியை யாரோ எப்போதோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு ஷாஃப்டுக்கும் விட்டம் ஒன்றுதான், ஒன்றே அரைக்கால் அங்குலம், பல்தான் வேறு. பிளேட்டைக் கையில் பிடித்து நுழைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் யோக் போகிற இடத்திலும் மாறியிருக்கும்: பழையதில் 27, பிந்தியதில் 32.

அவன் என் பேச்சைக் கேட்டு 10 பல் பிளேட்டை வாங்கியும்விட்டான். கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், 15 டாலர் பிடித்துக்கொண்டு. அந்தக் கடன் என் தலையில்.

ஐம்பது வருஷம் ஐந்து கை மாறிய வண்டிக்கு அதன் ஆண்டை மட்டும் சொல்லி எதையும் வாங்க முடியாது. இறக்கு, எண்ணு, அப்புறம் வாங்கு.

2023 மார்ச் 12

ஒருவர் கேட்டார், "70 எஸ்எஸ் 396 வைத்திருக்கிறேன், இதே கதையா?" உங்களுடையது 396 கூட இல்லை சார். 70-இல் அது 402 கன அங்குலம். பெயர் விற்கிற பெயர் என்பதால் பேட்ஜை அப்படியே விட்டுவிட்டார்கள். கிளட்ச் விஷயத்தில் அதனால் வித்தியாசம் இல்லை, இரண்டும் உள்ளுக்குள்ளேயே பேலன்ஸ் செய்த எஞ்சின்கள். ஷெவர்லேயின் 454 எஞ்சின் மட்டும் வெளிப் பேலன்ஸ் (சமன் எடை ஃபிளைவீலிலும் இருக்கும்), அதன் ஃபிளைவீலை இதில் மாட்டினால் பல் ஆடும் அளவுக்கு அதிரும். மலிவாகக் கிடைக்கிறது என்று 454 வீல் வாங்கிவிடாதீர்கள்.

2023 மார்ச் 26

என் முறை. ஜாக் ஸ்டாண்ட் நாலு, கார்ட்போர்டு அட்டை ஒன்று, மகன் ஒருவன் (பாதி நேரம் ஃபோனில்).

இறக்கும் முன் ஒரு வேலை செய்தேன். குளித்துவிட்டு ஏறி நின்று வருத்தப்படுகிற எடை மெஷினை எடுத்துவந்து, பெடலுக்கும் காலுக்கும் நடுவில் வைத்து மிதித்தேன். பையன் பக்கத்து சீட்டின் கீழே தலையை விட்டு டார்ச் அடித்துப் படித்தான்: 44 பவுண்ட். இருபது கிலோ. போன ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார் ஊர்வல நெரிசலில் நாலு மணி நேரம் இதை மிதித்துவிட்டு மறுநாள் மாடிப்படியில் நொண்டியது ஏன் என்று புரிந்தது.

பாக்ஸ் கீழே வந்ததும் உள்ளே பார்த்தால் டயாஃப்ரம் இல்லை. மூன்று விரல் (அழுத்தினால் கிளட்சை விடுவிக்கிற நெம்பு) வைத்த பழைய போர்க் அண்ட் பெக் வகை பிரஷர் பிளேட். எனக்கு முந்தைய உரிமையாளருக்கு டிராக் ரேஸ் ஆசை போலிருக்கிறது. லைனிங் ரிவெட் வரை தேய்ந்து, வீலில் இரண்டு வட்டப் பள்ளம்.

உள்ளே படிந்திருக்கிற கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். ஊர்ப் பட்டறைகளில் வாயால் ஊதி நான் பார்த்திருக்கிறேன், நானும் ஊதியிருக்கிறேன்.

2023 ஏப்ரல் 2

ஃபிளைவீலைக் கிரைண்டிங்குக்குக் கொடுத்தேன். லேத்தில் கடைய வேண்டாம் என்று சொல்லியே கொடுத்தேன். சூட்டில் நீலம் பாய்ந்த இடங்கள் இறுகிப் போயிருக்கும், லேத் உளி அதன்மேல் ஏறிக் குதித்துப் போகும், மேடு அப்படியே நிற்கும். கல் எல்லாவற்றையும் ஒன்றாகத் தேய்க்கும்.

பைலட் புஷ் எடுக்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது. கிராங்க் ஷாஃப்ட் நுனியில், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்குகிற ஒரு சின்ன வெண்கல வளையம், பிடிக்க விளிம்பு கிடையாது. கிரீஸ் அடைத்துத் தட்டுவார்கள், மூஞ்சியெல்லாம் தெறிக்கும். நான் நனைத்த பிரட்டை அடைத்தேன். ஓட்டைக்குக் கச்சிதமாகப் போகிற ஒரு கம்பி, சுத்தியலால் ஒரு தட்டு. இன்னும் பிரட், இன்னொரு தட்டு. நாலாவது துண்டுக்கு வளையம் ஒரு நூல் வெளியே வந்தது, ஆறாவதுக்குக் கையில் விழுந்தது. பின்னாலேயே பிசைந்த பிரட் புழு மாதிரி வந்தது. "இதுக்கு இட்லி சரிப்படாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறேன், முயன்று பார்க்கவில்லை.

புதுசும் வெண்கலமே போட்டேன். ரோலர் பேரிங் நீடிக்கும் என்கிறார்கள், ஆனால் அது தேய்ந்தால் ஷாஃப்ட் நுனியையும் சேர்த்துத் தின்றுவிடும். வெண்கலம் தான் தேய்ந்து ஷாஃப்டை விட்டுவைக்கும்.

2023 ஏப்ரல் 8

டயாஃப்ரம் கிட் வந்துவிட்டது. லூக் என்ற கிளட்ச் கம்பெனியின் பெட்டி. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து வூஸ்டரில் இவர்களுக்கு ஆலை உண்டு, நம்ம பக்கம் ஒசூரிலும் உண்டு. அந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஒரு சொந்தக்காரர் வந்த மாதிரி இருந்தது.

ஒரே குறை. பெட்டியில் வைத்திருந்த ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துவது) என் பழையதைவிட நீளம். அரை அங்குலத்துக்கு மேல் கூடுதல். தப்பாகப் பேக் செய்துவிட்டார்கள். பழைய நீளத்திலேயே ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டேன்.

2023 ஏப்ரல் 9

முடிந்தது. மன்ஸி பாக்ஸை நெஞ்சில் ஏந்தித் தூக்கி மாட்டினேன். நாளை காலை ஓட்டம்.

2023 ஏப்ரல் 10

முடியவில்லை.

2023 ஏப்ரல் 16

கோபம் தணிந்ததும் எழுதுகிறேன்.

பெடலைத் தரையோடு தரையாக அழுத்தினாலும் கிளட்ச் முழுசாக விடவில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்ப ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று அரைக்கிறது. மன்ஸியில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ (பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து கோக்கிற அமைப்பு) கிடையாது, கிளட்ச் சரியாக விடுகிறதா என்பதை அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அட்ஜஸ்டர் ராடைக் கடைசி மரை வரை திருகியும் போதவில்லை. கீழே படுத்துப் பார்த்தால் கிளட்ச் ஃபோர்க் (பேரிங்கைத் தள்ளுகிற நெம்புகோல்) பின்பக்கமாகச் சாய்ந்து, ஜன்னல் ஓட்டையின் விளிம்பில் முட்டி நிற்கிறது.

பெட்டியில் வந்த நீள பேரிங்தான் சரியானது. நான் வாங்கிய குட்டைதான் தப்பு.

இந்த ஷெவர்லே பெல் ஹவுசிங்கில் இரண்டு நீளம் புழங்குகிறது. குட்டை ஒன்றே கால் அங்குலம், நீளம் ஒன்றே முக்காலுக்குச் சற்று மேல். பிரஷர் பிளேட்டின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கமாக எவ்வளவு எழும்பி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. தட்டையான டயாஃப்ரம் விரலுக்கு நீளம். நுனி வெளியே வளைந்த விரலுக்குக் குட்டை. என் பழைய மூன்று விரல் பிளேட்டில் நெம்புகள் உயரமாக நின்றன, அதனால் குட்டை இருந்தது. நான் பிளேட்டின் வகையை மாற்றிவிட்டு பேரிங்கை மட்டும் பழையதைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். கிட் அனுப்பியவன் சரி, நான் தப்பு.

வளைந்த விரல் எதற்கு என்று கேட்பீர்கள். டயாஃப்ரத்தை உச்ச ஆர்பிஎம்மில் மிதித்தால் சில சமயம் பெடல் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும், திரும்பாது. விரல் நுனி வளைந்திருந்தால் சுழற்சியே அதை வெளியே தள்ளித் திரும்ப வைக்கும். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். கோயிலுக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் போகிற எனக்கு வேண்டாம்.

மறுபடி பாக்ஸை இறக்கினேன். எழுபது பவுண்டுக்கு மேல் எடை, ஒரே வாரத்தில் இரண்டு முறை. இறக்கியதுதான் இறக்கினோம் என்று டயல் கேஜ் வைத்து பெல் ஹவுசிங் ஓட்டையின் மையத்தையும் பார்த்தேன். 0.005 அங்குலத்துக்குள் இருக்க வேண்டியது 0.014 ஓடுகிறது. டயல் காட்டுவது உண்மையான தள்ளலின் இரு மடங்கு, அதனால் மையம் 0.007 தள்ளிய டவல் பின் (ஹவுசிங்கை எஞ்சினில் நிலைநிறுத்துகிற முளை) போட்டு நேராக்கினேன். முதல் முறையே பார்த்திருக்க வேண்டியது. பேரிங் தப்பு நடக்காமல் இருந்திருந்தால் இதைப் பார்த்தே இருக்கமாட்டேன், அந்த வகையில் லாபம்தான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

மார்ச் 4-இல் நான் எழுதிய பட்டியலில் பேரிங் என்ற சொல்லே இல்லை. கவனித்தவர்கள் சொல்லியிருக்கலாம்.

2023 ஏப்ரல் 23

எடை மெஷின் மறுபடி. 29 பவுண்ட். மனைவி மிதித்துப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் ஒன்றரை மாசமா?" என்றாள்.

முதல் 500 மைல் ஊருக்குள்ளேயே ஓட்டப் போகிறேன், நின்று நின்று. ஹைவேயில் போட்ட 500 மைல் கணக்கில் சேராது. லைனிங்கும் வீலும் பழகுவது ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதுதான்.

2023 ஏப்ரல் 30

70 டாட்ஜ் சேலஞ்சர் வைத்திருப்பவர்: "நானும் உங்களைப் பார்த்து டயாஃப்ரம் போட்டேன், பெடல் மேலே வரவேமாட்டேன் என்கிறது." டேஷ்போர்டுக்குக் கீழே பெடலோடு ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கும், கழற்றிவிடுங்கள். அது மூன்று விரல் பிளேட்டின் கனத்தைக் குறைக்க கிரைஸ்லர்காரன் வைத்த உதவி ஸ்பிரிங். பாதி வழி தாண்டியதும் அது பெடலைக் கீழ்நோக்கி இழுக்கும். டயாஃப்ரத்துக்கு அதைத் தூக்கி நிறுத்தத் தெம்பில்லை. கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், விரலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 மே 14

300 மைல் ஆயிற்று. முதல் கியரில் எடுக்கும்போது உதறுகிறது. டடடட என்று ஸ்டியரிங் வரை வருகிறது. பிளேட்டில் எண்ணெய் படவில்லை, மாட்டும் முன் கை கழுவி, வீலைக் கிளீனர் போட்டுத் துடைத்தே மாட்டினேன். வேறென்ன? கிரைண்டிங் போட்டவன் சரியாகப் போடவில்லை. அங்கே போய்க் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டு வந்தேன். அவர், "கழற்றிக் கொண்டுவாங்க, பார்க்கிறேன்" என்றார். மூன்றாவது முறை கழற்றணுமாம்.

2023 ஜூன் 4

கிரைண்டிங் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன், ஒரு பெட்டி டோனட்டோடு.

கொலம்பஸ் தம்பிதான் கண்டுபிடித்தான். "அண்ணா, பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு லேசாக கிளட்ச் விடுங்க, யாரையாவது பார்க்கச் சொல்லுங்க." பையன் நின்று பார்த்தான். எஞ்சினின் டிரைவர் பக்கம் தூக்கி எழுந்து உட்கார்ந்தது. எஞ்சின் மவுண்ட் ரப்பர் இரண்டாகக் கிழிந்திருக்கிறது.

அதற்கும் கிளட்சுக்கும் என்ன என்றால், இந்த வண்டியில் பெடலின் அசைவைக் கொண்டுபோகிற இசட் பாரின் ஒரு முனை ஃபிரேமில், மறு முனை எஞ்சின் பிளாக்கில். கிளட்ச் பிடிக்கத் தொடங்கினால் எஞ்சின் எழும்பும். எழும்பினால் இசட் பார் நகரும். நகர்ந்தால் கிளட்ச் தானாகவே கொஞ்சம் விடும். விட்டால் எஞ்சின் உட்காரும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் இத்தனையும் பல தடவை. அதுதான் டடடட. என் கால் அசையாமலே என் வண்டி தனக்குத் தானே கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தது.

மவுண்ட் இரண்டையும் மாற்றினேன். உதறல் போயிற்று. பழைய மூன்று விரல் கிளட்சும் லேசாக உதறும், அப்போதெல்லாம் "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விட்டிருந்தேன். எத்தனை வருஷமாகக் கிழிந்து கிடந்ததோ. 15 டாலர் கடன் கணக்கில் தம்பிக்கு இப்போது நான் இன்னும் அதிகம் கடன்பட்டவன்.

2023 ஜூலை 9

"எஞ்சினைப் பிரித்து 600 குதிரை ஏற்றப் போகிறேன், அப்போதும் ஆர்கானிக் போதுமா" என்று ஒருவர். போதாது. அங்கே ஒற்றை பிளேட்டை அழுத்தம் கூட்டிக் கூட்டிக் காலை உடைத்துக்கொள்வதைவிட இரட்டை பிளேட் வாங்குங்கள். அந்தப் பெருக்கலில் இருந்த 2 இப்போது 4 ஆகும், அதனால் அழுத்தம் குறைவாக இருந்தாலே போதும், பெடலும் மெத்தென்று இருக்கும். மெக்லியோட் கம்பெனியின் ஆர்எஸ்டி என்ற இரட்டை பிளேட்டை 800 குதிரைக்கு என்று விற்கிறார்கள். விலை என் கிட்டைப் போலப் பல மடங்கு.

கூடவே பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலையும் விட்டுவிடுங்கள். எஸ்எஃப்ஐ (ரேஸ் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கிற அமைப்பு) 1.1 முத்திரை உள்ள ஸ்டீல் வீல், வெளியே எஸ்எஃப்ஐ 6.1 முத்திரை உள்ள ஸ்டீல் பெல் ஹவுசிங். ஏழாயிரம் ஆர்பிஎம்மில் வார்ப்பிரும்பு உடைந்தால் அது பறக்கிற பாதையில் உங்கள் பாதம் இருக்கிறது. 1970 மார்ச்சில் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப்பில் டிராக் ரேஸ் ஓட்டுநர் டான் கார்லிட்ஸுக்குக் கியர்பாக்ஸ் வெடித்து வலது பாதத்தில் பாதி போனது. மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எஞ்சினையே தனக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டினார், மற்றவர்களும் அப்படியே மாறினார்கள். ஷெவெலில் அதற்கு இடம் இல்லை.

2023 ஆகஸ்ட் 20

நேற்று உட்வர்ட் ட்ரீம் குரூஸ், அந்த அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம். 1995-இலிருந்து நடக்கிற கூத்து, ஆகஸ்ட் மூன்றாம் சனி. கிளட்சுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை எந்த டிராக்கிலும் இல்லை. பாண்டியாக்கிலிருந்து ஃபெர்ன்டேல் பக்கம் வரை ஊர்ந்து ஊர்ந்து. எனக்கு முன்னால் ஒரு ஜிடிஓ கார், பக்கத்தில் ஒரு கூடா கார், எங்கிருந்தோ கருகின கிளட்ச் வாடை. ஒவ்வொரு முறையும் என்னுடையதா என்று மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். இல்லை.

நாலரை மணி நேரம். இன்று காலை மாடிப்படி நேராக இறங்கினேன்.

தம்பி கொலம்பஸிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்திருந்தான், 26 பல் கிளட்சோடு. 15 டாலரைக் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றான். ஐஸ்கிரீமாக வாங்கிக் கொடுத்தேன், கணக்கு 17 ஆயிற்று.

2024 மார்ச் 10

குட்டை ரிலீஸ் பேரிங் ஒன்று அலமாரியில் இருக்கிறது. தெருக்கோடி வரை ஒரே ஒரு தடவை ஓடியது. வளைந்த விரல் பிளேட் வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால் தபால் செலவு மட்டும் போதும். விரலைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.